நிலவுப் படங்களின் அசல் எங்கே?

நிலவில் நிற்கும் மனிதன் என்று இணையத்தில் தேடினால் முதல் வரிசையில் வந்து நிற்பது அநேகமாக ஒரே படம்தான். வெள்ளை உடுப்பு, தங்கப் பூச்சுள்ள முகக்கவசம், அந்தக் கவசத்துக்குள் சிறிதாகத் தெரியும் இன்னொருவர், பின்னால் கரிய வானம். நீல் ஆம்ஸ்ட்ராங் எடுத்த பஸ் ஆல்ட்ரினின் படம் அது. அதை ஆம்ஸ்ட்ராங்கின் படம் என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்களும் ஏராளம். நாசாவின் பதிவேட்டில் அதற்கு ஏஎஸ்11-40-5903 என்று எண். படச்சுருளிலிருந்து நேராக ஸ்கேன் செய்த பிரதியைத் திறந்து பார்த்தால் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். ஆல்ட்ரினின் தலைக்கு மேல் வானம் ஏறக்குறைய இல்லவே இல்லை. முதுகுப்பையின் உச்சியில் உள்ள அலைக்கம்பியைப் படத்தின் மேல்விளிம்பு வெட்டிவிட்டிருக்கிறது. அடிவானமும் சாய்ந்து கிடக்கிறது. பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்போது சாய்வை நிமிர்த்தி, மேலே கறுப்பு வானத்தைச் சேர்த்து, பார்க்க அழகாக ஆக்கிவிட்டார்கள். இதில் மோசடி எதுவுமில்லை. அட்டைப்படம் போடுகிற எந்தப் பத்திரிகை ஆசிரியரும் செய்கிற வேலைதான். ஆனால் கடந்த அரை நூற்றாண்டாக உலகம் பார்த்துவரும் அந்த வானத்தின் ஒரு பகுதி கேமராவுக்குள் விழுந்த வானம் அல்ல. தேடுபொறி தரும் நகலை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்படி நகலையே நம்பும் பழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அறிவியல் விழாவோ விண்வெளிக் கண்காட்சியோ வந்துவிட்டால் ஆசிரியரும் மாணவரும் முதலில் போவது தேடுபொறிக்குத்தான். அங்கே கிடைக்கும் படம் பெரும்பாலும் 1200 பிக்சல் அகலத்துக்குள் இருக்கும். நல்ல அச்சுத் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில், அது வெறும் 10 சென்டிமீட்டர் அகலம். அதை ஓர் ஆள் உயரப் பதாகைக்கு இழுத்தால் நிலவின் மண் வெறும் சாம்பல் சேறாகத் தெரியும். ஆகவே உயர்தெளிவுப் படம் எங்கே கிடைக்கும் என்பது நடைமுறைக் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை விடாமல் துரத்திக்கொண்டு போனால் வேறோர் இடத்துக்கு வந்து சேர்கிறோம். ஒரு நிலவுப் படத்தின் பயன் அதை எடுத்த கேமராவின் கூர்மையால் மட்டும் தீர்மானமாவதில்லை. அசல் எங்கே இருக்கிறது, எந்த எண்ணில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. கூர்மை குறைந்த படம் திறந்த காப்பகத்தில் இருந்ததால் பெரிய வேலையைச் செய்ததும், கூர்மை மிகுந்த படம் பூட்டிய அலமாரியில் இருந்ததால் சும்மா கிடந்ததும் நம் கண்முன்னே நடந்தவை. அந்தக் கதையின் நடுவில் ஒரு சென்னைத் தமிழர் இருக்கிறார்.

முதலில் அப்போலோ படங்களின் வழியைப் பார்த்துவிடுவோம். அன்றைய மலேசிய நேரப்படி 1969 ஜூலை 21, திங்கட்கிழமை விடியற்காலை 3.47க்கு அப்போலோ 11இன் இறங்குகலமான ஈகிள் நிலவில் இறங்கியது. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தபோது இங்கே காலை 10.26. அன்று உலகம் கண்டது தொலைக்காட்சி வழி வந்த பேய்நிழல் போன்ற உருவங்களை. ஹாசல்பிளாட் கேமராவின் 70 மில்லிமீட்டர் படச்சுருள்களோ வீரர்களோடுதான் திரும்பியாக வேண்டும். ஜூலை 24 அன்று கலம் பசிபிக்கில் விழுந்த பிறகுதான் அவற்றைக் கழுவும் பேச்சே வந்தது. அந்த அசல் சுருள்கள் இன்று ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில் வைத்துக் காக்கப்படுகின்றன. பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்தவை நகலின் நகலிலிருந்து எடுத்த நகல்களே. ஒவ்வொரு நகலெடுப்பிலும் நிழலுக்குள் இருந்த விவரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துப்போனது. 2007 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் ஜான்சன் மையமும் சேர்ந்து அசல் சுருள்களையே வெளியே எடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்கின. வரைபடக் கேமராக்களின் சுருளை மில்லிமீட்டருக்கு 200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தார்கள். அதைவிட நுணுக்கமாகச் செய்தால் தெரிவது படச்சுருளின் சொந்த மணிகளே தவிர நிலவு அல்ல. இதற்கு இணையாக, கிப் டீக் என்ற தனிமனிதர் 1999இல் தொடங்கிய அப்போலோ படத்தொகுப்பு 2015இல் ஃப்ளிக்கர் தளத்துக்கு வந்தது. ஜான்சன் மையம் அங்குலத்துக்கு ஏறக்குறைய 1800 புள்ளியில் ஸ்கேன் செய்து கொடுத்த 8,400க்கும் மேற்பட்ட ஹாசல்பிளாட் படங்கள், எந்த ஒப்பனையும் இல்லாமல், முதல் தவணையிலேயே அதில் ஏறின. குலுங்கிய படம், பாதி வெயில் அடித்து வெளுத்த படம், தவறுதலாகப் பொத்தானை அழுத்தி எடுத்த படம் எல்லாமே அதில் உண்டு. என்னைக் கேட்டால் அந்தத் தொகுப்பின் பெருமையே அதுதான். தேர்ந்தெடுத்த 50 படங்களை மட்டும் தருவது விளம்பரம். சுருளை முழுமையாகத் தருவதுதான் ஆவணம்.

சுருள் முழுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எண்களே சாட்சி சொல்லும். ஏஎஸ்11 என்பது அப்போலோ 11. 40 என்பது சுருள். 5903 என்பது அந்தச் சுருளில் வந்த படம். முன்னும் பின்னும் உள்ள படங்களை வரிசையாகப் பார்த்தால் கேமரா யார் கையில் இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, நிழல் எவ்வளவு நீண்டது என்பதெல்லாம் பிடிபடும். நிலவில் நின்ற ஆம்ஸ்ட்ராங்கின் உருப்படியான ஹாசல்பிளாட் படம் ஒன்றுகூட இல்லை என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் நிலவியது. அதே சுருளின் 5886ஆம் படத்தில், இறங்குகலத்தின் பக்கத்தில் முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருப்பவர் அவர்தான் என்பது வரிசையைப் பொறுமையாக ஆராய்ந்தபோதுதான் உறுதியானது. 1968 டிசம்பர் 24 அன்று வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த புவியுதயப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஏஎஸ்08-14-2383. அவர் எடுத்த கோணத்தில் நிலவின் விளிம்பு வலப்புறத்தில் செங்குத்தாக நிற்கிறது. நாம் பார்த்துப் பழகியதோ நிலவைக் கீழே படுக்க வைத்த வடிவம். தேடுபொறி இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லாது. அதற்குத் தெரிந்தது பிரபலம் மட்டும்.

இப்படிச் சொல்வதால் நாசாவை ஆவணப் பாதுகாப்பின் கோயிலாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அப்போலோ 11இன் தரவு நாடாக்களை, அதாவது அந்த மங்கலான தொலைக்காட்சிப் படத்தின் தெளிவான மூலத்தை, பிற்காலத்தில் அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்று நாசாவே 2009இல் ஒப்புக்கொண்டது. 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிவந்த ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களின் கதை இன்னும் விசித்திரமானது. அவை படச்சுருளை நிலவுப் பாதையிலேயே கழுவி, ஒளிக்கற்றையால் வரிவரியாகப் படித்து, வானொலி அலையாகப் பூமிக்கு அனுப்பின. அந்த அலைகளைச் சேமித்த ஏறக்குறைய 1,500 நாடாக்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற காப்பக அதிகாரி. நாடா இருந்தும் அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரம் உலகில் அருகிப்போயிருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட நான்கு இயந்திரங்களை எவன்ஸ் வாங்கித் தன் வீட்டிலேயே பல ஆண்டுகள் வைத்திருந்தார். டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் இருவரும் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மைய வளாகத்தில், மூடப்பட்ட ஒரு மெக்டோனல்ட்ஸ் கடைக்குள் அவற்றைப் பழுதுபார்த்து, 2008 நவம்பரில் முதல் படத்தை மீட்டார்கள். 1966 ஆகஸ்டு 23 அன்று எடுத்த, நிலவுக்கு மேல் பூமி தெரியும் படம் அது. 1966இல் வெளியான அச்சில் வெறும் கறுப்பும் வெளுப்புமாக இருந்த இடங்களில், மீட்ட பிரதியில் மேடும் பள்ளமும் தெரிந்தன. ஆக, அசல் என்பது பொருள் மட்டும் அல்ல. அதைப் படிக்கும் கருவியும், தூக்கி எறியக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் ஓர் ஆளும் சேர்ந்ததுதான்.

ஆனாலும் அமெரிக்காவுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதன் கூட்டரசு ஊழியர்கள் பணி நிமித்தம் உருவாக்கும் எதற்கும் அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. நாசா வீரர் நிலவில் எடுத்த படம் எடுத்த நாள் முதலே பொதுச்சொத்து. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு படைப்புக்கு 60 ஆண்டு உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 ஆண்டு. ஆம்ஸ்ட்ராங் ஓர் இந்திய அரசு ஊழியராக இருந்திருந்தால் அவர் எடுத்த படம் அடுத்த சில ஆண்டுகளில்தான் விடுதலையாகும். அமெரிக்கச் சட்டம் வள்ளல்தனத்தால் வந்ததல்ல. மக்கள் வரிப்பணத்தில் செய்ததை மக்களுக்கே விற்கக் கூடாது என்ற கணக்கு அது. பனிப்போர்க் காலத்தில் தங்கள் வெற்றியை ஊரெல்லாம் பரப்பும் ஆசையும் அதோடு சேர்ந்துகொண்டது. நோக்கம் எதுவானாலும் விளைவு நமக்கு நல்லது. ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி யாரிடமும் விண்ணப்பம் போடாமல், கட்டணம் கட்டாமல் அந்தப் படத்தை எடுத்துப் பயன்படுத்தலாம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். சந்திரயான்-1 புறப்பட்டது 2008 அக்டோபர் 22. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை என்பது தமிழர்கள் எல்லாரும் அறிந்தது. அந்தக் கலத்தில் இந்தியாவின் சொந்த நிலவரைவுக் கேமரா இருந்தது. தரையில் 5 மீட்டர் அளவுள்ளதைப் பிரித்துக் காட்டும். விருந்தாளியாக நாசாவின் எம்-3 என்ற கனிம வரைவுக் கருவியும் இருந்தது. 2009 ஆகஸ்டு 29 அன்று கலத்தோடு தொடர்பு அறுந்தது. ஆனால் எம்-3 திரட்டிய தரவு நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டது. நிலவின் துருவங்களில் நிழல் படிந்த பள்ளங்களில் நீர்ப்பனி மேற்பரப்பிலேயே இருக்கிறது என்பதற்கான நேரடிச் சான்றை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுவாய் லீ குழுவினர் 2018இல் அதே பழைய தரவிலிருந்துதான் எடுத்தார்கள். கலம் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு, ஏற்றிச் சென்ற நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள், புதிதாக ஒரு பைசா ராக்கெட் செலவில்லாமல் கண்ட முடிவு அது. தரவு திறந்திருந்தால் ஒரு பயணம் முடிந்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது அரிது.

சந்திரயான்-2 தந்த பாடம் இதைவிடக் கூர்மையானது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, இந்திய நேரப்படி, விக்ரம் என்னும் இறங்குகலம் நிலவின் தென்பகுதியில் இறங்கும் கடைசி நிமிடங்களில் தொடர்பு அறுந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தில் ஓஎச்ஆர்சி என்னும் கேமரா இருந்தது. நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கால் மீட்டர் அளவுள்ள பொருளையே பிரித்துக் காட்டும் அது, நிலவைச் சுற்றிய கேமராக்களிலேயே மிகக் கூர்மையானது. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலத்தின் குறுங்கோணக் கேமரா அரை மீட்டர் அளவுக்குத்தான் பார்க்கும். கணக்குப்படி விக்ரமை உலகுக்குக் காட்டியிருக்க வேண்டியது இந்தியக் கேமரா. செப்டம்பர் 8 அன்று இஸ்ரோ தலைவர் கே. சிவன், தாய்க்கலம் எடுத்த வெப்பப் படத்தில் விக்ரம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று அறிவித்தார். படம் மட்டும் வெளிவரவில்லை. எல்ஆர்ஓ குழுவோ செப்டம்பர் 17 அன்று எடுத்த படத்தொகுப்பை 26ஆம் தேதி அப்படியே வெளியிட்டு, தங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டது.

பார்த்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் விண்வெளி விஞ்ஞானி அல்ல. எந்த ஆய்வகத்தோடும் தொடர்புடையவர் அல்ல. அவர் கையில் இருந்தது எல்லாருக்கும் கிடைக்கும் அதே படத்தொகுப்பும், அதே இடத்தை முன்பு எடுத்த பழைய படங்களும்தான். அந்தப் படத்தின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். இடம் தென் அட்சம் 70 பாகைக்கு மேல். சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கிறது; ஒவ்வொரு சிறு மேடும் நெடுநிழலை விரிக்கிறது. அந்த முதல் தொகுப்பில் ஒரு பிக்சல் தரையில் 1.3 மீட்டர். அந்த நிழல்காட்டுக்குள் பழைய படத்தில் இல்லாத, புதிய படத்தில் இருக்கும் ஒரே ஒரு வெளுத்த பிக்சலை அவர் பிடித்தார். நாசாவுக்கு எழுதினார். அக்டோபரிலும் நவம்பர் 11 அன்றும் எடுத்த படங்களில் வெளிச்சம் ஓரளவு சாதகமாக இருந்தது. ஒரு பிக்சல் 0.7 மீட்டர் என்ற அளவுள்ள நவம்பர் படங்களில், மோதலால் மண் சிதறிய இடமும் துண்டுகளும் தெளிவாயின. டிசம்பர் 2 அன்று நாசா முடிவை வெளியிட்டது. அவர் முதலில் பிடித்த துண்டு மோதிய இடத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. நாசா வெளியிட்ட படத்தில் அந்தத் துண்டின் மேல் அவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் குறியாகப் போட்டார்கள்.

இதற்கு இஸ்ரோவின் மறுப்பு உடனே வந்தது. நாங்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டோம், எங்கள் தளத்திலேயே சொல்லியிருக்கிறோம் என்றார் சிவன். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அது எதிரானதல்ல, ஆதரவானது. கூர்மையான கேமரா முதலில் கண்டுவிட்டது, ஆனால் அந்தக் காட்சி ஓர் அறிக்கையின் வாக்கியமாக மட்டுமே வெளியே வந்தது. வாக்கியத்தை யாரும் சரிபார்க்க முடியாது. கூர்மை பாதியான கேமராவின் படமோ சரிபார்க்கக் கிடைத்தது. அதனால் வரலாற்றில் பதிவானதும் அதுவே. இஸ்ரோ அதற்குப் பிறகு நகராமல் நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சந்திரயான்-2 தரவின் முதல் தொகுதி 2020 டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3இன் தரவு சரியாக ஓராண்டில், முதல் தேசிய விண்வெளி நாளன்று, வெளியானது. பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ள தரவு மையம் நடத்தும் ‘பிரதான்’ தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டு யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2021இல் ஓஎச்ஆர்சி எடுத்த ஒரு படத்தில் அப்போலோ 11இன் இறங்குகலத்தின் அடிப்பகுதியே தெரிகிறது. அமெரிக்கர்கள் விட்டுவந்த பொருளை இந்தியக் கேமரா காட்ட, அதை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் திறந்து பார்க்கிறார்கள். அதே கேமராதான், மாறியது கதவு. இன்னும் சிரமம் இல்லாமலில்லை. கோப்புகள் அறிவியல் வடிவத்தில் இருக்கின்றன; கைப்பேசியில் தொட்டால் திறக்காது. எந்தக் கோப்பில் எந்தப் பள்ளம் என்று தேடுவதற்கே பொறுமை வேண்டும். எல்ஆர்ஓவின் நிலவரைபடத் தளத்தில் விரலால் இழுத்து விரித்துப் பார்க்கிற வசதியை இஸ்ரோவும் தந்தால், இந்தியப் படங்களைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் பார்ப்பார்கள்.

திறந்து வைப்பதை எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்றுக்கு நியாயம் உண்டு. ஒரு கருவியைப் பத்தாண்டு உழைத்துக் கட்டிய விஞ்ஞானிக்கு, அதன் தரவை முதலில் ஆராயும் உரிமை வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கு ஒரு காலவரை போதும். எல்ஆர்ஓ மூன்று மாதத்துக்கு ஒரு முறை தரவை வெளியிடுகிறது. எடுத்த படம் ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே தங்குவதில்லை. அதனால் அக்குழுவின் ஆய்வுகள் யாராலும் களவாடப்பட்டு நின்றுபோகவில்லை. பாதுகாப்பு என்ற இன்னொரு வாதம் பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குப் பொருந்தலாம். நிலவில் ராணுவ முகாமும் இல்லை, எல்லைக் கோடும் இல்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவே, செய்யும் ஆய்வின் தன்மை, இடம், முடிவு ஆகியவற்றை இயன்ற அளவு பொதுமக்களுக்கும் அறிவியல் உலகுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இயன்ற அளவு என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடமுண்டு என்பது உண்மைதான். ஆனாலும் பூட்டி வைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பை அந்தப் பிரிவு சுமத்துகிறது.

கொஞ்சம் கடினமான எதிர்வாதம், திறந்த காப்பகம் பொய்யர்களுக்கும் தீனி போடுகிறது என்பது. நிலவுக்குப் போனதே நாடகம் என்கிறவர்கள் தங்கள் ‘ஆதாரங்களை’ எடுப்பதும் இதே படங்களிலிருந்துதானே? அவர்கள் அடிக்கடி நீட்டும் ஒரு சான்றையே எடுத்துப் பார்ப்போம். நிலவில் பயன்பட்ட ஹாசல்பிளாட் கேமராவில் சுருளுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதில் ஐந்துக்கு ஐந்து என்று 25 மெல்லிய சிலுவைக் குறிகள், ஒன்றுக்கொன்று 10 மில்லிமீட்டர் இடைவெளியில். படத்தின் அளவுகளைக் கணக்கிட அவை உதவும். சில படங்களில் இந்தச் சிலுவைகள் வெள்ளை உடுப்புக்குப் ‘பின்னால்’ போய் மறைவதுபோல் தெரிகிறது. ஆகவே படங்கள் வெட்டி ஒட்டியவை என்பது வாதம். இணையத்தின் மங்கல் நகலில் இதை மறுப்பது சிரமம். அசல் ஸ்கேனில் போய்ப் பாருங்கள். பளீரென்ற வெள்ளையின் ஒளி, முடிபோன்ற அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் இருபுறமும் வழிந்து அதை அரித்திருப்பது படிப்படியாகத் தெரியும். கோடு முழுதாக மறையாமல் இலேசாகத் தொடர்வதைக்கூட சில படங்களில் காணலாம். சந்தேகம் பிறந்தது தரம் குறைந்த நகலில், தீர்ந்தது அசலில். பொய்யைத் தடுக்க அசலை மறைப்பது, பொய்யனுக்கே சாதகம்.

இப்போது இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது: அசலைத் தேடி ஏன் அலைய வேண்டும், சிறிய படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலி அதைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கித் தந்துவிடுமே? தரும். ஆனால் அது தருவது நிலவில் இருந்ததை அல்ல, நிலவில் பொதுவாக இருக்கக்கூடியதை. இல்லாத கல்லையும் பள்ளத்தையும் அது கூசாமல் வரையும். சண்முக சுப்பிரமணியன் பிடித்த அந்த ஒற்றை வெள்ளைப் பிக்சலை இத்தகைய செயலி அழுக்கு என்று துடைத்திருக்கவும் கூடும், நான்காகப் பெருக்கியிருக்கவும் கூடும். வீட்டுச் சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கு அது போதும். மாணவர் கையில் அறிவியல் சான்றாகக் கொடுப்பதற்கு ஆகாது.

பினாங்குக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். தூரம் இல்லை. தீவின் மேற்கோரத்தில் பந்தாய் ஆச்சேயில் உள்ள ஷேக் தாஹிர் வானியல் மையத்தில் பிறையைத் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறார்கள். அப்போலோ 17 நிலவுக்குப் போன 1972இல்தான் இன்டெல் பாயான் லெப்பாசில் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கியது. மின்னணுத் தொழிலையே அன்றாடமாகக் கொண்ட ஊர் இது. நிலவுப் படங்களுக்குச் சொன்ன வாதம் இந்த ஊரின் சொந்தப் படங்களுக்கும் அப்படியே பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே தொழில் நடத்திய அகஸ்ட் கௌல்ஃபுஸ் போன்றவர்களின் ஒளிப்படங்களைத் தேடினால் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகம்தான் பெரிய பிரதியை இணையத்தில் தருகிறது. சமூக ஊடகங்களில் ‘பழைய பினாங்கு’ என்று சுற்றும் படங்களில் பலவற்றுக்கு எடுத்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, இருப்பிட எண்ணும் இல்லை. தெருப்பெயரே மாறிப்போன படங்களும் உண்டு.

அறிவியல் விழாவுக்குப் பதாகை தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்போலோ படம் வேண்டுமானால் தேடுபொறியின் படப் பக்கத்தில் நிற்காமல், அப்போலோ படத்தொகுப்புக்கோ அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்கோ, ஹூஸ்டனில் உள்ள நிலவு, கோள் ஆய்வு நிறுவனத்தின் பட அட்டவணைக்கோ எண்ணோடு போங்கள். எந்தப் படம் எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்று அறிய எரிக் ஜோன்ஸ் தொகுத்த அப்போலோ நிலவுத்தரைக் குறிப்பேடு இருக்கிறது. சந்திரயான் படத்துக்குப் பிரதான் தளத்தில் மாணவர்களையே பதிவு செய்யச் சொல்லுங்கள். அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் எண்ணையும், எடுத்த நாளையும், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். படத்தைத் திருப்பியிருந்தாலோ, வெட்டியிருந்தாலோ, வானத்தைச் சேர்த்திருந்தாலோ அதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.